பாய்காட்: ஒரு மனிதர் வினைச்சொல் ஆன கதை

அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். ஆங்கில வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தவன் திடீரென்று கேட்டான்: “மாமா, பாய்னா பையன், காட்னா கட்டில். ரெண்டும் சேந்தா எப்படி ‘புறக்கணி’ன்னு அர்த்தம் வரும்?”

சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவன் சந்தேகம் நியாயமானதுதான். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. லத்தீனும் இல்லை, கிரேக்கமும் இல்லை. “அது ஒரு ஆளோட பேருடா” என்று மட்டும் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். வேலை ஓடவில்லை. அந்தச் சொல்லின் பின்னாலேயே சில வாரம் அலைந்தேன். அயர்லாந்தில் தொடங்கிய தேடல், நம்ம செங்கல்பட்டுப் பக்கத்து மனிதர் ஒருவர் கையெழுத்திட்ட ஆவணத்தில் கொண்டுபோய் விட்டது. அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதலில் பொருள்

ஒரு கடையில் தோசை நன்றாக இல்லை, நான் இனிமேல் போகவில்லை என்றால் அது பாய்காட் இல்லை. அது என் நாக்கு சம்பந்தப்பட்ட விஷயம். அதே கடைக்காரர் ஒரு தொழிலாளியை அடித்துவிட்டார், தெருவே கூடி ‘அவர் மன்னிப்புக் கேட்கும் வரை யாரும் போகக் கூடாது’ என்று முடிவெடுத்து, அது அவருக்கும் தெரிகிறது என்றால் அது பாய்காட். அதாவது பலர் சேர்ந்து செய்ய வேண்டும், வெளிப்படையாகச் செய்ய வேண்டும், எதிராளியைப் பணிய வைக்கும் நோக்கம் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் சொல் பொருந்தாது.

வேலைநிறுத்தத்தில் நாம் உழைப்பை நிறுத்துகிறோம். மறியலில் அடுத்தவரைத் தடுக்கிறோம். பாய்காட்டில் உறவையே நிறுத்துகிறோம். வாங்குவது, விற்பது, பேசுவது, பங்கேற்பது எல்லாம் அதில் அடங்கும்.

மேயோ, 1880

சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட் 1832இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தவர். அவர் பிறந்தபோது குடும்பப் பெயர் ‘பாய்காட்’ கூட இல்லை, ‘பாய்கேட்’. 1841இல்தான் எழுத்தை மாற்றிக்கொண்டார்கள். மாற்றாமல் விட்டிருந்தால் இன்று உலகமே ‘பாய்கேட்’ செய்துகொண்டிருக்கும்.

ராணுவத்தில் சில ஆண்டுகள்தான் இருந்தார். ஆனாலும் ஊரில் ‘கேப்டன்’ என்றே பெயர். அயர்லாந்துக்குப் போய், அங்கேயே திருமணம் செய்து, நிலம் எடுத்து விவசாயம் பார்த்தார். 1870களில் மேயோ மாவட்டத்தில் லாக் மாஸ்க் ஏரிக்கரையில் குடியேறினார். எர்ன் பிரபுவுக்கு அங்கே சுமார் 1,500 ஏக்கர் நிலம். அதற்குப் பாய்காட் ஏஜென்ட். குத்தகை வசூலித்துக் கொடுப்பது, கொடுக்காதவர்களை வெளியேற்றுவது அவர் பொறுப்பு. நம்ம ஊர்க் கணக்கில் ஜமீன் காரியஸ்தர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைய அயர்லாந்தில் உழுகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் கிடையாது. குத்தகையை எப்போது உயர்த்துவார்கள், எப்போது காலி செய்யச் சொல்வார்கள் என்று தெரியாது. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்த நினைவு அழியவில்லை. 1879இல் மறுபடியும் விளைச்சல் பொய்த்தது. அதே ஆண்டு அக்டோபரில் மேயோவின் காஸில்பார் ஊரில் மைக்கேல் டேவிட் முன்னின்று நில உரிமைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். ‘லேண்ட் லீக்’ என்று வரலாற்றில் வருவது அதுதான். சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் அதன் தலைவரானார்.

1880 செப்டம்பர் 19. கிளேர் மாவட்டத்தில் என்னிஸ் என்ற ஊர். பார்னெல் மேடையில் கேட்கிறார்: பக்கத்து வீட்டுக்காரனை வெளியேற்றிய நிலத்தை இன்னொருத்தன் குத்தகைக்கு எடுத்தால் அவனை என்ன செய்யலாம்? கூட்டத்திலிருந்து ‘சுட்டுத் தள்ளு’ என்று குரல் வருகிறது. அதைவிட நல்ல வழி இருக்கிறது என்கிறார் பார்னெல். சாலையில் பார்த்தால் ஒதுங்கிப் போங்கள், கடையில், சந்தையில், கோயிலில்கூட அவனோடு சேராதீர்கள், பழங்காலத்தில் தொழுநோயாளியை ஒதுக்கியது போல ஒதுக்குங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். அந்தத் தொழுநோயாளி உவமையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவோம்.

மூன்றே நாளில் அதற்கு வேலை வந்தது. எர்ன் பிரபுவின் குத்தகைதாரர்கள் 25 சதவீதம் தள்ளுபடி கேட்டார்கள். பிரபு பத்துக்கு மேல் முடியாது என்றார். பாய்காட் பதினொரு குடும்பங்களை வெளியேற்ற நோட்டீஸ் வாங்கினார். செப்டம்பர் 22 அன்று போலீஸ் துணையோடு நோட்டீஸ் கொடுக்கப் போனவரை ஊர்ப் பெண்கள் மண்ணும் சாணியும் வீசித் துரத்தினார்கள். மூன்று வீட்டுக்குத்தான் கொடுக்க முடிந்தது.

ஏற்கெனவே அவர்மேல் ஊருக்கு எரிச்சல் இருந்தது. வாடகை மட்டும் காரணமில்லை. எஸ்டேட்டில் சுள்ளி பொறுக்கக் கூடாது, கோழி வேலி தாண்டி வந்தால் அபராதம் என்று சின்னச் சின்னக் கெடுபிடிகள். மறுநாள் கூட்டம் அவர் வீட்டுக்கே போனது. வேலைக்காரர்கள் எல்லோரும் வெளியேறினார்கள். கொல்லர் வரவில்லை, துணி துவைப்பவர் வரவில்லை, தபால் கொண்டுவரும் பையன் நின்றுவிட்டான். பக்கத்து ஊரான பாலின்ரோபில் கடைக்காரர்கள் சாமான் கொடுக்க மறுத்தார்கள். ஒரு குண்டு வெடிக்கவில்லை. வயலில் கிழங்கும் டர்னிப்பும் அறுவடைக்கு ஆளில்லாமல் கிடந்தன.

பாய்காட் லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். விஷயம் அரசியலானது. அவருக்காக நிதி திரட்டினார்கள். கேவன், மொனஹன் மாவட்டங்களிலிருந்து 50 புராட்டஸ்டன்ட் தொண்டர்கள் நவம்பரில் ரயில் ஏறி வந்தார்கள். அவர்களைப் பாதுகாக்க சுமார் ஆயிரம் துருப்புகள். ரயிலடியிலிருந்து வண்டி கொடுக்க ஆளில்லை, மழையில் நடந்தே போனார்கள். ஃபாதர் ஜான் ஓமேலி என்ற உள்ளூர்ப் பாதிரியார், வருகிறவர்களை யாரும் சீண்டக் கூடாது என்று ஊரை அடக்கி வைத்திருந்தார். இரண்டு வாரம் அறுவடை நடந்தது. பயிரின் மதிப்பு சுமார் 500 பவுண்டு. அதை அறுக்க ஆன செலவு பத்தாயிரம் பவுண்டுக்குக் குறையாது என்று கணக்கிட்டார்கள். பார்னெல் தன் பங்குக்கு, தோண்டியெடுத்த ஒவ்வொரு டர்னிப்புக்கும் ஒரு ஷில்லிங் ஆயிற்று என்று கேலி செய்தார்.

நவம்பர் கடைசியில் பாய்காட் குடும்பம் வீட்டைவிட்டுக் கிளம்பியது. ஏற்றிப்போக உள்ளூர் வண்டி கிடைக்காமல் ராணுவ ஆம்புலன்ஸ் வண்டியில் போனார்கள். டப்ளினில் தங்கிய ஹோட்டலுக்கும் மிரட்டல் கடிதம் வந்தது. டிசம்பர் 1 அன்று கப்பல் ஏறி இங்கிலாந்து போனார்.

பெயர் எப்படி வினையானது?

இதற்கு ஒரு சாட்சி இருக்கிறார். ஜேம்ஸ் ரெட்பாத், அமெரிக்கப் பத்திரிகையாளர், அடிமை ஒழிப்பு இயக்கத்தில் இருந்தவர். மேயோவில் ஃபாதர் ஓமேலியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ‘இந்த ஒதுக்கலுக்கு ஒரு வார்த்தை வேண்டும்’ என்றாராம். ஆங்கிலத்தில் ‘ஆஸ்ட்ரசைஸ்’ என்று ஏற்கெனவே இருக்கிறது. பழைய ஏதென்ஸில் ஓட்டாஞ்சில்லில் பெயர் எழுதி ஒருவரைப் பத்தாண்டுக்கு நாடுகடத்துவார்கள், அதிலிருந்து வந்த சொல். ஆனால் அது படித்தவர்கள் சொல், குடியானவர்களுக்குப் புரியாது. பாதிரியார் கொஞ்ச நேரம் யோசித்து, ‘பாய்காட் பண்ணுவது என்றே சொன்னால் என்ன?’ என்றாராம்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அந்தக் கவலைதான். வயலில் நிற்கிறவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக உருவான சொல் இது. பாய்காட் கிளம்பிப் போவதற்கு முன்பே, அதே நவம்பரில், ‘டைம்ஸ்’ பத்திரிகையே வேறொரு ஊர்ச் செய்தியில் அதை வினைச்சொல்லாகப் பயன்படுத்தியது. யார் கடிதத்தை வெளியிட்டதோ அதே பத்திரிகை! சில ஆண்டுகளில் பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்ய மொழிகளுக்குப் போனது. ஜப்பானியர்களும் ‘போய்கொட்டோ’ என்று எடுத்துக்கொண்டார்கள். எங்குமே பெரிதாக மொழிபெயர்க்கவில்லை, ஆள் பெயரையே வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் முதலில் தலைப்பெழுத்தோடு இருந்தது, பிறகு சிறிய எழுத்தானது. பெயரின் தலைப்பெழுத்து போய்விட்டால் ஆள் மறைந்து வினை மட்டும் மிஞ்சுகிறது.

பாய்காட் பிறகு சஃபோக்கில் இன்னொரு எஸ்டேட்டில் ஏஜென்டாக வேலை பார்த்து 1897இல் இறந்தார். தன் பெயர் அகராதிச் சொல்லாவதை உயிரோடு பார்த்தவர். நிலம் அவருடையது இல்லை, குத்தகையைக் குறைக்க மறுத்ததும் அவர் இல்லை. ஆனால் ‘எர்ன் பண்ணுவது’ என்று ஒரு சொல் வரவில்லை. கதவைத் தட்டியவர் பெயர்தான் நின்றது.

செயல் பழசு

சொல்லுக்கு வயது 1880. செயலுக்கு அப்படி இல்லை. 1791 வாக்கில் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள், அடிமைகள் விளைவித்த சர்க்கரை வேண்டாம் என்று நிறுத்தின. இன்று அதைச் ‘சர்க்கரை பாய்காட்’ என்று எழுதுகிறோம், ஆனால் அவர்களிடம் அந்தச் சொல் இல்லை.

இங்கேதான் பார்னெலின் உவமை. அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஊர் சேர்ந்து ஒருவரை ஒதுக்குவது உலகின் மிகப் பழைய தண்டனைகளில் ஒன்று. தொழுநோயாளி யாரையும் சுரண்டவில்லை. பலவீனமானவர் என்பதால் ஒதுக்கப்பட்டார். பலம் இல்லாதவர்மேல் காலங்காலமாகப் பயன்பட்ட கருவியைத் திருப்பி, பலம் உள்ளவர்மேல் வீசியதுதான் மேயோ மக்கள் செய்த புதுமை. கருவி என்னவோ பழையதுதான். கையில் எடுக்கிறவரைப் பொறுத்து அது எந்தப் பக்கமும் திரும்பும்.

பகிஷ்காரம்

இந்தியாவுக்கு இந்தச் சொல் வந்தபோது இங்கே ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. பகிஷ்காரம். ‘வெளியே ஆக்குவது’ என்று பொருள். சாதியை விட்டு விலக்குவதற்குப் புழங்கிய சொல். மேயோ சம்பவம் நடந்து எட்டே ஆண்டுகளில், 1888இல், பம்பாயில் ஒரு பத்தொன்பது வயதுகூட நிரம்பாத இளைஞரைச் சாதிக்கூட்டம் கூடி விலக்கி வைத்தது. கடல் தாண்டிப் படிக்கப் போகிறார் என்பது குற்றம். அவருக்கு உதவுகிறவருக்கும், வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போகிறவருக்கும் ஒன்றேகால் ரூபாய் அபராதம். திரும்பி வந்த பிறகும் சொந்த அக்கா வீட்டில் அவர் தண்ணீர் குடிக்க முடியாத நிலை. அவர் மோகன்தாஸ் காந்தி.

1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா டவுன்ஹாலில் வங்கப் பிரிவினைக்கு எதிராக அந்நியப் பொருள் பாய்காட் தீர்மானம் வந்தது. தமிழில் அதற்குப் ‘பகிஷ்காரம்’ என்ற அதே சாதிவிலக்குச் சொல்லே போய் ஒட்டிக்கொண்டது. 1920இல் காந்தியே பள்ளி, நீதிமன்றம், சட்டசபை, அந்நியத் துணி எல்லாவற்றையும் பகிஷ்கரிக்கச் சொன்னார். 1931இல் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ், முழு சுயாட்சி தராத டொனமூர் அரசியலமைப்பின் கீழ் நடந்த தேர்தலைப் பகிஷ்கரித்து வடக்கின் நான்கு இடங்களைக் காலியாக வைத்தது. இன்றும் இலங்கைப் பத்திரிகைகளில் வேலைநிறுத்தத்துக்கே ‘பணிப்பகிஷ்கரிப்பு’ என்றுதான் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் அந்தச் சொல் தேய்ந்து, ‘புறக்கணிப்பு’ வந்துவிட்டது.

இந்தக் கதையில் வழக்கமாக விட்டுவிடுகிற இன்னொரு பக்கம் இருக்கிறது. அதே காலத்தில் அம்பேத்கரும் இதே சொல்லைத் தன் அமைப்புக்கும் பத்திரிகைக்கும் பெயராக வைத்தார். 1924இல் ‘பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை’, 1927இல் ‘பகிஷ்கிருத பாரத்’. விலக்கப்பட்டவர்களின் நலச் சங்கம், விலக்கப்பட்டவர்களின் பாரதம். காங்கிரஸ் பகிஷ்காரம் என்றால் மக்கள் கையில் இருக்கும் ஆயுதம். அம்பேத்கர் பகிஷ்காரம் என்றால் மக்கள்மேல் விழும் அடி.

1930இல் லண்டனில் முதல் வட்டமேஜை மாநாடு. தாழ்த்தப்பட்டோர் சார்பில் போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் அம்பேத்கர். இன்னொருவர் ரெட்டமலை சீனிவாசன். 1893இலேயே ‘பறையன்’ இதழைத் தொடங்கியவர். இருவரும் சேர்ந்து கொடுத்த பாதுகாப்புத் திட்டத்தில் ஒரு கோரிக்கை: சமூகப் பகிஷ்காரத்தைச் சட்டப்படி குற்றமாக்க வேண்டும். காரணத்தையும் சொல்கிறார்கள். இந்த மக்களுக்குப் பொருளாதாரச் சுதந்திரம் கிடையாது. பலர் மேல்சாதியார் நிலத்தில் அவர்கள் விருப்பம் உள்ள வரை உழும் குத்தகைதாரர்கள், மற்றவர்கள் கூலிகள். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க உரிமை இருக்கிறது என்று சட்டம் சொல்லலாம். உரிமையைக் கேட்ட மறுநாள் வேலை இல்லை, கடையில் சாமான் இல்லை, நடக்கப் பாதை இல்லை என்றால் அந்தச் சட்டத்தை வைத்து என்ன செய்வது?

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். விருப்பம் உள்ள வரை குத்தகை. மேயோ விவசாயிகளின் நிலையும் இதேதானே! அங்கே குத்தகைதாரர்கள் சேர்ந்து காரியஸ்தரை ஒதுக்கினார்கள். இங்கே நிலம் வைத்திருந்தவர்கள் சேர்ந்து குத்தகைதாரரை ஒதுக்கினார்கள். கொல்லர் வரமாட்டார், கடைக்காரர் தரமாட்டார், யாரும் பேசமாட்டார்கள் என்று இரண்டு பட்டியலும் கிட்டத்தட்ட ஒன்றேதான். பாய்காட்டுக்கு உதவ ஆயிரம் துருப்புகள் வந்தன. சேரியில் இருந்தவர்களுக்கு யார் வருவார்கள்?

அவர்கள் கேட்ட சட்டப் பிரிவுகளை 1922ஆம் ஆண்டு பர்மாவின் பாய்காட் தடுப்புச் சட்டத்திலிருந்து எடுத்திருந்தார்கள். காலனி அரசு தேசியவாதிகளை அடக்கக் கொண்டுவந்த சட்டம்! அதை எடுத்து வேறு வேலைக்குத் திருப்பினார்கள். ஏழாண்டு வரை சிறை. கூடவே ஒரு விதிவிலக்கு: நேர்மையான தொழில் தகராறில் செய்வது குற்றமாகாது. கீழே இருப்பவர் மேலே இருப்பவரைப் புறக்கணிக்கும் உரிமை போய்விடக் கூடாது என்ற கவனம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

அது சட்டமாக நெடுநாள் ஆயிற்று. எஸ்சி, எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம்தான் சமூக, பொருளாதாரப் பாய்காட்டைத் தனிக் குற்றமாக வெளிப்படையாக எழுதியது. மகாராஷ்டிரம் 2016இல் சாதிப் பஞ்சாயத்து விலக்கலுக்கு எதிராகத் தனிச் சட்டமே போட்டது.

ஒரு சொல், இரண்டு முனை

இது இந்தியாவில் மட்டும் நடந்த விஷயமில்லை. 1933 ஏப்ரல் 1 அன்று நாஜிகள் யூதர் கடைகளுக்கு எதிராக அறிவித்த இயக்கத்துக்கும் இதே சொல்தான் பெயர். கடை வாசலில் சீருடை ஆட்கள் நின்றார்கள். 1955இல் அமெரிக்காவின் மாண்ட்கோமரியில் கறுப்பின மக்கள் 381 நாள் பஸ் ஏறாமல் நடந்தார்கள். அதற்கும் இதே சொல். மார்ட்டின் லூதர் கிங்குக்கு இது உறுத்தியிருக்கிறது. கறுப்பர்களையும் அவர்களை ஆதரிப்பவர்களையும் நசுக்க வெள்ளை நிறவெறிச் சங்கங்கள் கையாண்ட முறையும் பாய்காட்தானே என்று யோசித்திருக்கிறார். நாம் செய்வது பஸ் கம்பெனியை நாசமாக்குவதல்ல, தீமைக்கு ஒத்துழைக்க மறுப்பது என்று தனக்குத் தெளிவான பிறகு அந்தச் சொல்லையே அரிதாகத்தான் பயன்படுத்தினேன் என்று 1958இல் வெளியான தன் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ‘தேர்தல் புறக்கணிப்பு’, ‘நீதிமன்றப் புறக்கணிப்பு’ என்கிறோம். கிராமத்தில் நடக்கிற மற்றதற்கு ‘ஊர்விலக்கு’, ‘தள்ளி வைக்கிறது’ என்று தனிச் சொற்கள் உண்டு. “அன்னந்தண்ணி பொழங்கக் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது” என்றால் எல்லோருக்கும் புரியும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் அடைபட்டது தமிழில் இரண்டாக நிற்கிறது. அப்படியிருக்க, நாளிதழ்களில் ஊர்விலக்குச் செய்தியைக்கூடச் ‘சமூகப் புறக்கணிப்பு’ என்று எழுதும்போது, நம்மிடம் இருக்கிற வித்தியாசத்தை நாமே அழிக்கிறோம் என்று தோன்றுகிறது. ஊர்விலக்கை ஊர்விலக்கு என்றே எழுதலாம்.

அக்கா மகனிடம் கதை முழுவதையும் சொன்னேன். பாய்காட் கப்பல் ஏறியது வரை ரசித்துக் கேட்டான். சீனிவாசன் கதைக்கு வந்ததும் கேள்வி வந்தது. “அப்ப பாய்காட் நல்லதா கெட்டதா மாமா?”

யாரோட வீட்டு அடுப்பு அணையுதுன்னு பாரு, அப்புறம் சொல்லு என்றேன். வீட்டுப்பாடத்தில் அதை எழுத முடியாது என்று முணுமுணுத்துக்கொண்டே நோட்டை மூடினான்.